இரண்டு புக்காபம்பாக்கள்

தென்னமெரிக்காவில், பெரு நாட்டின் மலைப்பகுதியில் ஒரு மாவட்டம். அதை நான் முதன்முதலாகப் பார்த்தது ஸ்டுட்கார்ட்டில், ஒரு முதியோர் இல்லச் சமையலறையின் பின்புறம் இருக்கும் ஓய்வறையில், மூலை உடைந்த ஒரு கைத்தொலைபேசியின் திரையில் விரிந்த இணைய வரைபடத்தில். பார்த்தேன் என்று சொல்வதுகூடப் பிழை. பார்க்க அங்கே எதுவும் இருக்கவில்லை. சாம்பல் நிற வெளி ஒன்று, அதன் குறுக்கே நடுங்கும் கையால் இழுத்ததுபோல ஒற்றைக் கோடு.

"இதுதான் எங்கட மாவட்டம்" என்றாள் என்னோடு வேலை செய்பவள். "பாத்தீரோ? ஒண்டுமே இல்லை. ஆக்கள் இல்லாத இடம் மாதிரிக் கிடக்கு."

நாங்கள் இருவரும் அந்தச் சமையலறையில் பல வருடங்களாக அருகருகே நின்று வேலை செய்கிறோம். காலை ஆறு மணிக்கு ஏப்ரனைக் கட்டினால் பகல் இரண்டு மணிக்கு அவிழ்ப்போம். பல்லில்லாத முதியவர்களுக்கான மென்மையான சாப்பாடு என் பொறுப்பு, மரக்கறியும் கிழங்கும் அவள் பொறுப்பு. ஒவ்வொரு நாளும் உருளைக்கிழங்கு மூட்டையைப் பிரிக்கும்போது "இதுக்குப் பேர் கிழங்கோ?" என்று ஒருமுறை சொல்லாமல் கத்தியை எடுக்க மாட்டாள். அவள் ஊரில் கறுப்புக் கிழங்கு, ஊதாக் கிழங்கு, பூனை நகம் போல வளைந்த கிழங்கு என்று பத்துப் பதினைந்து வகை உண்டாம். நாங்கள் பேசுவது ஜெர்மன். இரண்டு பேருமே பிழை பிழையாகப் பேசுகிற ஜெர்மன். ஆனால் என் நினைவில் அவள் குரல் எப்போதும் என்னுடைய தமிழில்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அன்றைக்கு அவள் அந்த வெற்றுப் படத்தைக் காட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய தங்கை அந்த மாவட்டத்தின் சுகாதார நிலையத்தில் தாதி. அந்த மழைக்காலத்தில் புக்காபம்பா என்ற சிற்றூரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்திருக்கிறது. பிள்ளை குறுக்கே கிடப்பது தங்கைக்குக் கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் சொல்லி வாகனம் கேட்டிருக்கிறாள். வாகனமும் வந்தது. ஆனால் வேறு புக்காபம்பாவுக்கு.

"ஒரே மாவட்டத்தில ரெண்டு புக்காபம்பாவோ?" என்று கேட்டேன்.

"ஓம். ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒண்டு, அந்தப் பக்கம் ஒண்டு. நடுவில கிடங்கு மாதிரி ஒரு பள்ளத்தாக்கு. இஞ்சயிருந்து கூப்பிட்டா அங்க கேக்கும். ஆனா வாகனத்தில சுத்திப் போறதெண்டா அரை நாள்."

சாரதி புதியவர். எதிர்க் கரையில் வாகனம் வந்து நிற்பதைத் தங்கை தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். அந்தப் பக்கத்துச் சனம் கையைக் காட்டிக் கத்துகிறது, இந்தப் பக்கத்துச் சனமும் கத்துகிறது. நடுவில் ஆறு சிவப்பாகப் பெருகி ஓடுகிறது. கடைசியில் தங்கையே பிள்ளையைத் திருப்பி எடுத்தாள். தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அதற்குப் பிறகு தொலைபேசியில் அக்காவிடம் அழுதிருக்கிறாள்.

"இந்தப் படத்தை ஆரும் திருத்தலாமாம்" என்றாள் அவள், திரையை என் பக்கம் திருப்பி. "காசு இல்லை, அனுமதி வேண்டாம். ஆகாயத்தில இருந்து எடுத்த படம் பின்னால கிடக்கும், அதைப் பாத்து மேல கோடு போட வேணும். தங்கச்சி சொன்னவள். எனக்குக் கணினி ஏலாது. உமக்கு ஏலுமோ?"

நான் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன். நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது. ஏன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் உயர்தரத்துக்குப் படித்த பாடங்களில் ஒன்று புவியியல். ஆறும் மலையும் இல்லாத மண்ணில் இருந்துகொண்டு ஆற்றையும் மலையையும் கடதாசியில் படித்தவர்கள் நாங்கள். இடவிளக்கப் படத்தை மேசையில் விரித்து, சமவுயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு என்று விரலால் தடவிப் பார்ப்போம். நில அளவையாளராக வேண்டும் என்று ஒரு ஆசை எனக்கு இருந்தது. பரீட்சை வருவதற்கு முன்னமே வெளிக்கிட வேண்டி வந்துவிட்டது. இங்கே வந்த பிறகு அகதி விண்ணப்பம், மொழி, வேலை, பிள்ளைகள். அந்த ஆசையை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட. ஐம்பத்திரண்டு வயதில், உருளைக்கிழங்குத் தோல் ஒட்டிய கையோடு ஒருத்தி வந்து, முழு மாவட்டம் ஒன்றை வரைய ஏலுமோ என்று கேட்கிறாள்.

"ஏலும்" என்றேன். அந்தச் சொல் வாயை விட்டு வந்த வேகத்தைக் கண்டு நானே வெட்கப்பட்டேன்.

அன்று பின்னேரமே தொடங்கினேன். படத்தின் மேல் இருந்த 'திருத்து' என்ற பொத்தானை அமத்தியதும் சாம்பல் நிறம் போய், மண்ணும் பாறையும் நிழலுமாக ஒரு நிலம் திரை முழுக்கத் திறந்தது. நான் "ஐயோ!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். கணவர் குசினியில் இருந்து ஓடி வந்தார்.

"என்னப்பா? ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. இஞ்ச பாருங்கோ, இது பெரு."

அவர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "மரம் ஒண்டையும் காணேல்லை. கசக்கிப் போட்ட கடதாசி மாதிரிக் கிடக்கு."

சரியாகத்தான் சொன்னார். கசக்கிப் போட்ட பழுப்புக் கடதாசி. அதன் ஒவ்வொரு மடிப்பிலும் உற்றுப் பார்த்தால் ஏதோ இருந்தது. மயிரிழை போல ஒரு பாதை. நெருப்புப்பெட்டி அளவில் தகரக் கூரைகள் வெயிலில் மினுங்கின. மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள், மேலேயிருந்து பார்க்கப் பெருவிரல் ரேகை போலவே இருந்தன. யார் எப்போது வெட்டிய படிகள் என்று அடுத்த நாள் கேட்டேன். "எங்கட ஆக்கள்தான், எப்ப எண்டு தெரியாது. நாங்கள் பிறக்கேக்கை இருந்தது, இப்பவும் அதிலதான் விதைக்கிறம்" என்றாள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, சோறு சாப்பிட்டதும் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். முதல் வாரம் எனக்குத் தலை கால் தெரியாத சந்தோஷம். கிடைத்ததையெல்லாம் வரைந்து தள்ளினேன். மலைகளுக்கு இடையில் கறுப்பு கறுப்பாக ஏழு ஏரிகளைக் கண்டுபிடித்து, நீல நிறம் கொடுத்து, பெருமையோடு அச்செடுத்து வேலைக்குக் கொண்டுபோனேன்.

அவள் கரட்டை வைத்துவிட்டுக் கடதாசியை வாங்கிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த ஏலாத சிரிப்பு. கண்ணீரை ஏப்ரனில் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

"எங்கட சனம் தண்ணிக்குப் படுற பாடு. நீர் ஒரு கிழமையில ஏழு ஏரி குடுத்திட்டீர்! இது ஏரி இல்லை, நிழல். மலையின்ர நிழல்."

ஆகாயப் படம் எடுத்தபோது சூரியன் சாய்ந்திருக்கிறது. நிழல் விழுந்த இடமெல்லாம் எனக்குத் தண்ணீராகத் தெரிந்திருக்கிறது. மலை இல்லாத ஊரில் வளர்ந்தவளுக்கு மலையின் நிழல் அவ்வளவு நீளம் விழும் என்று எப்படித் தெரியும்? அன்று பின்னேரம் ஏழு ஏரிகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன். அதிலும் ஒரு சந்தோஷம்தான் இருந்தது, ஏன் என்றால் இனி நிழல் என்னை ஏமாற்றாது.

அடுத்தது சாலை. ஆற்றங்கரையிலிருந்து மேலே உள்ள ஊருக்கு ஒரு வெள்ளைக் கோடு நேரே ஏறியது. அதை வாகனச் சாலை என்று பதிந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து ஒரு செய்தி. அர்ஜென்டினாவில் இருந்துகொண்டு மற்றவர்கள் வரைவதைச் சரிபார்க்கிறவராம். ஸ்பானிய மொழியில் எழுதியிருந்தார். இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். "மதிப்புக்குரியவரே, நீங்கள் வரைந்த சாலையில் ஒரு லொறி ஏறினால் அது பின்பக்கமாக மல்லாந்து விழும். சமவுயரக் கோடுகளைப் போட்டுப் பாருங்கள்."

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. சமவுயரக் கோடுகள்! அதைப் படித்தவள் அல்லவா நான். அவர் சொன்ன இடத்தில் ஒரு பொத்தானை அமத்தினேன். மலை முழுக்க மண்ணிறக் கோடுகள் வந்து விழுந்தன. நான் போட்ட சாலையின் மேல் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அது கழுதைகள் இறங்கும் ஒற்றையடிப் பாதை. உண்மையான சாலை தள்ளி, இன்னொரு சரிவில், பதினாறு கொண்டையூசி வளைவுகளோடு ஏறியது. ஒவ்வொரு வளைவையும் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தேன். கடைசி வளைவு முடிந்து சாலை மேட்டில் ஏறியபோது நானே ஏறிவந்ததுபோல எனக்கு மூச்சு வாங்கியது.

அர்ஜென்டினாக்காரருக்கு நன்றி எழுதினேன். "லொறி இப்போது விழாது. அருமையான வளைவுகள்" என்று பதில் வந்தது. வாய்விட்டு அதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"இஞ்சேரும், கலியாணம் செய்து இவ்வளவு காலத்தில நான் உம்மட வளைவுகளைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை எண்டு கோவமோ?" என்றார் அவர். நான் கையில் இருந்த பேனையை அவர் மேல் எறிந்தேன்.

மாதக்கணக்கில் அப்படிப் போனது. அந்த மாவட்டம் எப்படிப்பட்டது என்று மெல்ல மெல்லப் பிடிபட்டது. அடியில் ஆறு. ஆற்றோரம் வெக்கை. அங்கே கரும்பும் வெண்ணெய்ப்பழமும் விளையும். கொஞ்சம் மேலே ஏறினால் சோளம். இன்னும் ஏறினால் கிழங்கு. அதற்கும் மேலே மரமே இல்லாத புல்வெளி, அதன் நடுவில் இந்தமுறை நிழல் அல்லாத உண்மையான ஏரி ஒன்று. குளிர் காற்று. அங்கே அல்பாக்கா மேய்க்கிறார்கள், செம்மறியாடு போல உரோமம் உள்ள, கழுத்து நீண்ட மிருகம். வட்ட வட்டமாகக் கல்லடுக்கிய பட்டிகளை நான் முதலில் வீடு என்று குறித்து, அதற்கும் சிரிப்பு வாங்கினேன். எங்கள் நாட்டில் வெக்கையில் இருந்து குளிருக்குப் போக, ஒரு நாள் முழுக்க ரயிலிலும் பஸ்ஸிலும் போய் நுவரெலியாவில் இறங்க வேண்டும். அங்கே ஒரு மனிதன் விடியக் கரும்புத் தோட்டத்தில் சட்டை இல்லாமல் நின்றுவிட்டு, பின்னேரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உறைபனி வெளியில் நிற்கலாம். இரண்டுமே ஒரே மாவட்டம், நடந்தே போகலாம்!

பெயர்கள் இன்னொரு பைத்தியம். அவர்களுடைய மொழி கெச்சுவா. மயு என்றால் ஆறு, கோச்சா என்றால் ஏரி, பம்பா என்றால் வெளி. யுராக் வெள்ளை, யானா கறுப்பு, புக்கா சிவப்பு. வெங்காயம் வெட்டிக்கொண்டே அவள் சொல்லச் சொல்ல நான் மனப்பாடம் செய்தேன்.

"அப்ப புக்காபம்பா எண்டா சிவந்த வெளி. செம்பாட்டு வெளி!" என்றேன் நான்.

"மண் அப்பிடி. மழை பெய்தா ஆடெல்லாம் சிவப்பு" என்றாள்.

அந்த மாவட்டத்தில் சிவந்த மண் இரண்டு கரையிலும் இருந்தது. அதனால்தான் இரண்டு கரையிலும் புக்காபம்பா. யாரும் பிழை செய்யவில்லை. மண்ணைப் பார்த்தவர்கள் மண்ணின் நிறத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் வாகனத்துக்கு அது போதாது. எங்கள் வரைபடத்தில் எதை எப்படிக் குறிப்பது? தங்கையிடம் கேட்டபோது, தாங்கள் பேச்சில் மேல் புக்காபம்பா, கீழ் புக்காபம்பா என்று சொல்வதாகச் சொன்னாள். அப்படியே குறித்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை அந்த வரைபடத்தை நகரத்தில் துண்டு துண்டாக அச்செடுத்து, பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டி, இரண்டு ஊர்ச் சனத்தையும் பார்க்க அழைத்திருந்தாள். எங்களையும் காணொளியில் கூப்பிட்டாள். அங்கே காலை, எங்களுக்குப் பின்னேரம். என் சாப்பாட்டு மேசையில் நானும் அவளும் கணினியின் முன்னால் தோளோடு தோள் முட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் அன்றைக்குக் காதில் தோடெல்லாம் போட்டு வந்திருந்தாள். கணவர் சோபாவில் பேப்பர் வாசிப்பதாக நடித்துக்கொண்டிருந்தார்.

திரையில் தொப்பிகள். ஆண்களும் பெண்களும் தொப்பி. எல்லாரும் ஒரே நேரத்தில் சுவரை நோக்கி நகர்ந்தார்கள். ஒரு பெண் முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு சுவரில் விரலால் தேடித் தேடிப் போய், ஒரு இடத்தில் நிறுத்தி, திரும்பி ஏதோ கத்தினாள்.

"என்ன சொல்லுறா?" என்றேன்.

"இது என்ர வீடு எண்டு சொல்லுறா."

அந்தக் கூரையை நான் எந்த நாள் வரைந்தேன் என்றுகூட ஞாபகம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, பல் வைத்தியரிடம் குறித்த நேரத்துக்குப் போகும் முன் அவசரமாக வரைந்தது. அதற்குள் ஒரு பெண்ணும் முதுகில் கட்டிய பிள்ளையும் இருந்திருக்கிறார்கள்.

பிறகு சனம் முழுக்கத் தங்கள் தங்கள் வீட்டைத் தேடத் தொடங்கியது. ஒரே சத்தம். அந்தச் சத்தத்தில் மெலிந்த மனிதர் ஒருவர் முன்னால் வந்து, தொப்பியைக் கழற்றி, கமெராவைப் பார்த்துக் கோபமாகப் பேசினார். அவள் எனக்கு ஜெர்மனில் சொல்ல, நான் சோபாவில் இருந்தவருக்குத் தமிழில் சொன்னேன்.

"கீழ் புக்காபம்பாக்காரராம். எங்களை ஏன் கீழ் எண்டு போட்டிருக்கு, நாங்கள் ஒருத்தருக்கும் கீழ இல்லை எண்டு கேக்கிறார்."

"அந்த மனிசன் கேக்கிறது நியாயம்தானே" என்றார் கணவர், பேப்பருக்கு மேலால். "எங்கட ஊரெண்டா இதுக்குள்ள ரெண்டு கோயில் கட்டியிருப்பாங்கள்."

மேல் ஊர்க்காரர்கள் ஏதோ சொல்ல, கீழ் ஊர்க்காரர்கள் பதில் சொல்ல, பள்ளிக்கூடம் இரண்டாகப் பிரிந்துவிடும் போலிருந்தது. நல்லது செய்யப் போய் சண்டை மூட்டிவிட்டேனா? அப்போது அந்தப் பிள்ளைக்காரப் பெண் மீண்டும் கத்தினாள். தன் ஊரில் மொல்யே என்ற மரம் நிறைய நிற்கிறதே, மிளகு போலச் சிவந்த காய் காய்க்குமே, அந்தப் பெயரை முன்னால் போட்டால் என்ன? மெலிந்த மனிதர் யோசித்தார். தலையாட்டினார். உடனே மேல் ஊர்க்காரர்கள் தங்களுக்கும் ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். அங்கே மரமே இல்லை. அப்போ என்ன இருக்கிறது என்று யாரோ நக்கலாகக் கேட்க, ஒரு கிழவர் "வைரா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"வைரா எண்டா காத்து" என்றாள் அவள் என் காதுக்குள்.

மொல்யே புக்காபம்பா. வைரா புக்காபம்பா. அரசாங்க ஏட்டில் பழைய பெயர் இருக்கட்டும், வரைபடத்தில் இப்படி இருக்கட்டும் என்று கை தூக்கி முடிவு செய்தார்கள். நான் அந்த இடத்திலேயே எழுத்துகளைத் தட்டினேன்.

அது முடிந்து எல்லாரும் கலையும் நேரத்தில் ஒரு இளைஞன் சுவரில் ஆற்றின் மேல் விரலை வைத்து, இந்தப் பாலம் என்ன என்று கேட்டான். இரண்டு ஊருக்கும் நடுவில், ஆகாயப் படத்தில் தெளிவாகத் தெரிந்த பாலம். நான் மிகக் கவனமாக வரைந்தது.

"அது போயிட்டுது" என்று மொழிபெயர்த்தாள் அவள். அவள் முகம் மாறியிருந்தது. "ரெண்டு மழைக்கு முன்னம் ஆறு கொண்டு போயிட்டுதாம். எனக்கே தெரியாது."

என் படத்தை நம்பி ஒரு வாகனம் அந்த வழியால் வந்திருந்தால் ஆற்றங்கரையில் போய் நின்றிருக்கும். பாலத்தைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். இப்போது எங்கே கடக்கிறார்கள் என்று கேட்டோம். மேலே, ஆறு ஒடுங்கும் இடத்தில், கம்பியில் தொங்கும் ஒரு நடைபாலம். வாகனம் போகாது. வாகனம் வர வேண்டுமானால் சுரங்க வேலைக்கென்று முன்பு வெட்டிய, மலையைச் சுற்றி வரும் பழைய சாலை ஒன்று இருக்கிறது. ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் வழி சொன்னார்கள். பெரிய பாறையில் இடது, ஆட்டுப் பட்டியில் வலது, தேவாலயம் தெரியும்வரை நேரே. அவள் சொல்லச் சொல்ல நான் கோட்டை இழுத்தேன். அந்தச் சாலையை நான் முன்பு பார்த்திருந்தேன். காய்ந்த ஓடை என்று நினைத்து விட்டிருந்தேன்.

சேமித்தேன். தங்கை தன் கைத்தொலைபேசியில் படத்தைப் புதுப்பிக்கப் பார்த்தாள். அங்கே இணையம் மிக மெது. எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்கள். எங்கோ ஒரு நாய் குரைத்தது. கணவர் எப்போது எழுந்து வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றார் என்று தெரியாது. அவர் மூச்சு என் தலையில் பட்டது.

பிறகு அந்தக் கூரையே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். தொப்பிகள் மேலே போயின. தங்கை கைத்தொலைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். நான் என் மேசையில் இழுத்த கோடு அங்கே அவர்கள் கையில் இருந்தது. என் பக்கத்தில் இருந்தவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். நானும் எழும்பி நின்று கை தட்டினேன், கணவரும் தட்டினார். கீழ் வீட்டு ஜெர்மன்காரர் தடியால் முகட்டில் இடித்தார். தட்டிக்கொண்டே இருந்தோம்.

அதற்கு ஆறு வாரம் கழித்து மொல்யே புக்காபம்பாவில் ஒரு மனிதர் படிவயலின் கல்லணையில் இருந்து விழுந்து தொடையை முறித்துக்கொண்டார். நகரத்து வாகனம் புறப்பட்டது. அதே சாரதிதான். தங்கை அவருடைய தொலைபேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக் கொடுத்திருந்தாள். சுரங்கச் சாலையால் வந்து, ஆட்டுப் பட்டியில் திரும்பி, ஒருவரையும் கேட்காமல் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றாராம். இதை நாங்கள் அறிந்தது சமையலறையில், சூப் கொதிக்கும் நேரத்தில், தங்கை அனுப்பிய குரல் பதிவில். முதலில் என்ஜின் சத்தம், பிறகு கதவு சாத்தும் சத்தம், பிறகு அவள் குரல்: வந்திட்டுது, வந்திட்டுது.

நாங்கள் இருவரும் அகப்பையோடு துள்ளியதைப் பார்த்து எங்கள் தலைமைச் சமையற்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். இரண்டு பேருக்கும் கை கொடுத்தார். "மிகவும் நல்லது. இன்றைக்குக் கிழங்கை யார் உரிப்பது?" என்றார்.

இந்த வருடம் மழை முடிந்த கையோடு அவள் விடுமுறை எடுத்து ஊருக்குப் போனாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு போகிறாள். போய் ஐந்தாம் நாள், நான் வேலை முடிந்து ஸ்ட்ராசன்பான் என்ற தெரு ரயிலில் ஏறி நின்றுகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. காணொளி. திரையில் அவள் முகம் சிவந்து, மயிர் காற்றில் பறந்தது.

"நான் ஏரிக்கு நடந்து போறன். மேட்டில ஏறினா மட்டும்தான் சிக்னல் வருது" என்று கத்தினாள். "இஞ்ச புதுசா ரெண்டு பாதை பிரியுது. முந்தி ஒண்டுதான் இருந்தது. எது எண்டு தெரியேல்லை."

"பொறும்! கமெராவைத் திருப்பும்" என்றேன்.

திருப்பினாள். மஞ்சள் புல், ஒரு பாறை, அதற்கு அப்பால் இரண்டு கீறல்கள். அந்தப் பாறையை எனக்குத் தெரியும்! ஆகாயத்தில் இருந்து பார்த்தால் அது ஒரு முந்திரியங்கொட்டை. வலப்பக்கப் பாதை ஐந்நூறு அடிகூடப் போகாமல் ஒரு பட்டியில் முடியும்.

"இடப்பக்கம்!" என்றேன். நின்ற இடத்தை மறந்து மிகச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். பெட்டியில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். "இடப்பக்கம் போம். ஒரு சின்ன ஓடை வரும். அதைக் கடந்தா ஏத்தம். ஏத்தம் முடிய ஏரி."

அவள் நடந்தாள். திரை குலுங்கியது. அவள் மூச்சு எனக்குக் கேட்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றேன். ஓடை வந்தது. அவள் ஒரே எட்டில் தாண்டினாள். ஏற்றம் வந்தது. படம் உறைந்தது, பிறகு மறுபடி அசைந்தது.

"வந்திட்டன்" என்றாள்.

கமெராவை மெதுவாகச் சுற்றினாள். நீலம். இவ்வளவு நாளும் நான் ஒரு கோட்டுக்குள் நிரப்பிய நீலம் இப்போது காற்றில் மடிப்பு மடிப்பாக அசைந்தது. கரையில் மூன்று அல்பாக்கா கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தன. அப்பால் சிவந்த மலை, அதன் மேல் வெள்ளை மேகம்.

"நீர் வரைஞ்சதிலும் பெரிசு" என்றாள் அவள். "மழைத் தண்ணி. கிழக்குப் பக்கம் பெருத்துக் கிடக்கு."

"எவ்வளவு தூரத்துக்கு?"

"நடந்து பாத்துச் சொல்லுறன்" என்று சிரித்துக்கொண்டு கரையோரம் நடக்கத் தொடங்கினாள். அடி எண்ணும் சத்தம் கேட்டது.

என் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு வயதான ஜெர்மன் பெண்மணி இவ்வளவு நேரமும் என் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "இது எந்த இடம்?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மடியில் இருந்த பையைத் தூக்கித் தரையில் வைத்து, ஜன்னல் பக்கம் நகர்ந்து, எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்து திரையை இருவருக்கும் நடுவில் பிடித்தேன்.

"இது புக்காபம்பாவுக்கு மேலே இருக்கும் ஏரி" என்றேன். "ஆனால் புக்காபம்பா இரண்டு இருக்கிறது. முதலில் நான் ஆற்றிலிருந்து சொல்லத் தொடங்க வேண்டும்."